நீ பிறந்த அன்று நான் குத்தாத நெல்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆபீஸில் வேறு செக்‌ஷனுக்கு மாற்றியது, மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் விரிவாக எழுதிவிட்டு, வசந்தாவைப் பற்றி மட்டும் கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாய். நான் பதில் எழுதுவது அந்த ஓரத்துக்குத்தான். அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது, எந்நேரமும் இடுப்பு வலி என்று படுத்துக் கிடக்கிறாள், சமையல் பாதியில் நிற்கிறது, கீழே குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மாடிக்கு ஏற்ற அவ்வளவு முனகல் என்று எழுதியிருக்கிறாய். "எங்கம்மா என்னைப் பெற்ற அன்றைக்கும் நெல் குத்திக்கொண்டிருந்தவள்" என்று நீ அவளிடம் சொன்னதையும், அன்றிலிருந்து அவள் உன்னோடு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள் என்பதையும் எழுதியிருக்கிறாய். முதல் பிள்ளைக்கு அவள் தாய்வீட்டில் இருந்தாள். நீ ஞாயிற்றுக்கிழமை போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாய். எட்டாம் மாதம் எப்படி இருக்கும் என்று நீ பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் பேரைச் சொல்லி அவள் வாயை அடைத்திருக்கிறாய். அந்தக் கதையில் இருப்பவள் நான். அது நடந்த விதம் வேறு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ வயிற்றில் இருந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. உங்கப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தார். அஸ்ஸாம் பக்கம் இருக்கிறார் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள், தாய்வீட்டில் பேறுகாலம் பார்க்க ஆளில்லை. அதனால் தலைப்பிள்ளை என்றாலும் திருவரங்குளத்திலேயே இருந்துவிட்டேன். வீட்டில் பெரியப்பா, பெரியாத்தா, அவர்கள் பிள்ளைகள், நான். உங்கப்பாவுக்கு மூத்தவர் என்பதால் பெரியப்பாவுக்கு முன்னால் நான் நின்று பேசியதே கிடையாது. அந்தக் காலத்தில் அப்படித்தான். ஆகவே எதைச் சொல்வதானாலும் பெரியாத்தாவிடம்தான் சொல்ல வேண்டும். அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், உனக்கு விவரம் தெரிந்தபோது அவள் கொஞ்சம் இளகியிருந்தாள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. வயலும் மாடும் வீடும் அவள் தலையில் இருந்தன. நான் வந்ததில் அவளுக்குக் கிடைத்த லாபம் இரண்டு கைகள். அந்தக் கைகளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கார்த்திகை மாதம் மழையோடு வலி ஆரம்பித்தது. முதலில் குனிந்து நிமிரும்போது மட்டும் பிடித்தது. பிறகு நிமிர்ந்தே இருந்தாலும் பிடித்தது. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, நடு எலும்பில், யாரோ கடப்பாரையை வைத்து நெம்புகிற மாதிரி. மல்லாக்கப் படுத்தால் உயிர் போகும். ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு அந்தப் பக்கம் மரத்துப்போகும், மறுபக்கம் திரும்ப வேண்டும். அப்படித் திரும்புவது ஒரு பெரிய காரியம். சுவரில் அடித்திருந்த முளைக்குச்சியை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் தோளைத் திருப்பி, மூச்சு வாங்கி, பிறகு வயிற்றைக் கையால் தூக்கி நகர்த்தி, கடைசியில் காலைத் திருப்ப வேண்டும். திரும்பி முடித்ததும் வியர்த்துக் கொட்டும். அதற்குப் பயந்தே விடிய விடிய ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறேன். காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கும். பெரியாத்தா பார்த்துவிட்டு, "நல்ல தூக்கம் போல" என்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது பிடித்துக்கொண்டது. குடத்தை நழுவவிட்டேன். பித்தளைக் குடம் என்பதால் நசுங்கியதோடு சரி. பெரியாத்தா அதை எடுத்து நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நானுந்தான் மூணு பெத்தேன். இடுப்பு வலிக்காம எவ பெத்தா? வலிக்குதுன்னு படுத்தா இந்த வீட்டுல யாரு ஒலை வைக்கிறது?" அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உலை வைக்க வேறு யாரும் இல்லைதான். நான் நசுங்கிய குடத்திலேயே இன்னொரு தடவை நீர் மொண்டுகொண்டு வந்தேன். நீ வசந்தாவிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான் என்பதால் இதை எழுதுகிறேன். பெரியாத்தாவுக்காவது மூன்று பிள்ளை பெற்றவள் என்ற பாத்தியதை இருந்தது.

மார்கழி பிறந்தபின் ஒரு மத்தியானம். கன்றுக்குப் புல் போட மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். கூடை கைதவறி விழுந்தது. அதை எடுக்க மெதுவாக மண்டி போட்டேன். மண்டி போட்டவள் எழ முடியாமல் முன்னால் கையை ஊன்றினேன். ஊன்றிய மறுகணம் வலி விட்டது. குறைந்தது என்று சொல்லவில்லை, விட்டே விட்டது. வயிறு கீழே தொங்கியது, முதுகிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. பல வாரத்துக்குப் பிறகு எனக்கு என் மூச்சு முழுசாக வந்தது. எழுந்தால் திரும்ப வந்துவிடுமே என்று அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்தில் கன்று, அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி நாலு காலில் நான். அதற்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, புல்லைத் தின்றுகொண்டிருந்தது. ஆச்சரியப்பட்டது சாணிக்கூடையோடு உள்ளே வந்த பெரியாத்தாதான்.

"ஏண்டி, என்னடி இது? மாடு முட்டிருச்சா?"

"இல்லக்கா."

"விழுந்துட்டியா?"

"இல்லக்கா. இப்படி இருந்தா வலிக்கல."

அவள் வந்த இடத்திலேயே நின்றாள். எனக்கு அவள் கால் மட்டும்தான் தெரிந்தது. பேய் பிடித்தது என்று நினைக்கிறாளோ, கோடாங்கியைக் கூப்பிட்டுவிடுவாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு கூடையை வைத்துவிட்டு என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என் கையைப் பார்ப்பாள், வேலை நடக்கிறதா என்று. வயிறு வந்தபிறகு வயிற்றையும் பார்ப்பாள். முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எம்புட்டு நேரமா இப்படி இருக்க?"

"தெரியலக்கா. எந்திரிச்சா வந்துரும்."

"எந்திரிக்காத."

சொல்லிவிட்டுப் போய்க் கொட்டகைப் படலைச் சாத்தி, அதற்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் பெரியப்பா வயலிலிருந்து வந்து மாட்டைக் கட்டப் போனார் போலிருக்கிறது. "அங்கிட்டே கட்டுங்க. இங்கிட்டு வராதீங்க" என்று அவள் சொல்வது கேட்டது. அவர் என்ன என்று கேட்டதற்கு, "பொம்பளைக சங்கதி" என்றாள். நான் உள்ளே கையை ஊன்றியபடியே கண்ணயர்ந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் அயர்ந்தேன்.

மறுநாள் காலையில் வண்டி கட்டச் சொன்னாள். எதற்கு என்று என்னிடம் சொல்லவில்லை. கூண்டு வண்டிக்குள் வைக்கோலைத் தடியாகப் பரப்பி, அதன்மேல் கம்பளியைப் போட்டு, முன்பக்கம் ஒரு துப்பட்டியைத் திரையாகத் தொங்கவிட்டாள், பெரியப்பா திரும்பிப் பார்த்தாலும் தெரியாதபடி. புதுக்கோட்டைப் பாதை முழுக்க நான் அந்தத் திரைக்குப் பின்னால் கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டே போனேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அவள் என் வயிற்றுக்குக் கீழே தன் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அப்போதும் அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மெல்ல ஓட்டுங்க, நெல்லு மூட்டையா ஏத்தியிருக்கு?" என்று பெரியப்பாவை ஏசிக்கொண்டே வந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். வராந்தாவில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்து கட்டிலில் படுக்கச் சொன்னதும் நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், மல்லாக்கப் படுக்க வேண்டுமே என்று. அதைப் பார்த்துவிட்டு அவர், "மல்லாக்கப் படுத்தா வலி கூடுதா? சரி, சாய்ஞ்ச மாதிரி இருங்க" என்றார். வலிக்கிறதா என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நானாகச் சொல்லித்தான் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி எப்போதும் இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, காய்ச்சல் உண்டா, நீர் போகையில் எரிகிறதா, பிள்ளை அசைகிறதா என்று. பிறகு வயிற்றைச் சுற்றிலும் கைவைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை என் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கிறது, முகம் முன்பக்கம் பார்த்து இருக்கிறது, அதன் தலையின் கெட்டியான பின்பக்கம் என் இடுப்பெலும்பில் இடிக்கிறது என்றார். நீதான் அது.

"பயப்பட ஒண்ணுமில்லயே?" என்று பெரியாத்தா கேட்டாள்.

"பயப்பட இப்ப ஒண்ணுமில்லம்மா. ஆனா இவங்களுக்கு ரொம்ப வலிக்குது. அது வேற, இது வேற" என்றார் டாக்டர்.

நான் கொட்டகையில் கையை ஊன்றி இருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. தாராளமாக அப்படி இருக்கலாம், பிள்ளை திரும்பினாலும் திரும்பும் என்றார். குடம் தூக்கக் கூடாது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும், வயிற்றுக்கு அடியிலிருந்து தூக்கினாற்போல் அகலத் துணியால் கட்ட வேண்டும், ரொம்ப இறுக்கக் கூடாது என்றார். வலி விட்டு விட்டு வர ஆரம்பித்தாலோ, நீர் உடைந்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று பெரியாத்தாவைப் பார்த்துச் சொல்லி, அதைத் திரும்ப அவள் வாயால் சொல்லவும் வைத்தார்.

வீட்டில் கூடுதலாக ஒரு தலையணை கிடையாது. பெரியாத்தா ஒரு சாக்கில் வைக்கோலைத் திணித்துத் தைத்தாள். துணிதான் பெரிய பாடாக இருந்தது. யுத்தத்தில் துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடு, உடுத்தவே கிழிசலைத் தைத்துத் தைத்து உடுத்திக்கொண்டிருந்தோம். பொங்கலுக்கு உடுத்தவென்று பெரியப்பா ஒரு புதுவேட்டியைப் பெட்டியில் வைத்திருந்தார். அவள் அதை எடுத்து நாலாக மடித்து என் வயிற்றைக் கட்டிவிட்டாள். கட்டியதும் பாதி எடையை வேறு யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். தண்ணீர் எடுப்பதை அவளே பார்த்துக்கொண்டாள். இவ்வளவு செய்தும் வலி போகவில்லை. அதையும் நான் உனக்குச் சொல்லியாக வேண்டும். முன்பு வலி என்னை ஆட்டி வைத்தது. பிறகு அதோடு ஒரு நாளைக் கழிக்க முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வசந்தாவுக்கு நீ எல்லாம் செய்து கொடுத்த பிறகும் அவள் வலிக்கிறது என்று சொன்னால், செய்ததெல்லாம் வீண் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

இனி நீ பிறந்த நாள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. பெரியப்பா முதல்நாளே வண்டி கட்டிக்கொண்டு அறந்தாங்கிச் சந்தைக்குப் போயிருந்தார். டாக்டர் சொன்ன கணக்குப்படி எனக்கு இன்னும் நாள் இருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பெரியாத்தா முற்றத்தில் உரலைப் போட்டு நெல் குத்திக்கொண்டிருந்தாள். நான் காலையிலிருந்து சந்தோஷமாக இருந்தேன். காரணம், வலி விட்டு விட்டு வந்தது. வரும்போது கடுமையாகத்தான் வந்தது, ஆனால் விடும்போது சுத்தமாக விட்டது. இரண்டு மாதமாக விடாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னது எனக்கு நினைவே வரவில்லை. விடுகிற நேரத்தில் முற்றத்தைக்கூடக் கூட்டினேன். வலி வந்தபோது நிற்கப் பிடிமானம் வேண்டியிருந்தது. பெரியாத்தா நெல்லைப் புடைக்க உட்கார்ந்திருந்தாள். அவள் உரலில் நிறுத்தி வைத்திருந்த உலக்கையை இரண்டு கையாலும் பிடித்து, அதன்மேல் நெற்றியை வைத்து முன்னால் சாய்ந்து நின்றேன். வலி விட்டதும் நிமிர்ந்தேன். மறுபடி வந்ததும் மறுபடி பிடித்தேன்.

பெரியாத்தா முறத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏண்டி, விட்டு விட்டா வருது?"

"ஆமாக்கா. இன்னைக்குத் தேவல."

"அடிப் பாவி!" என்று எழுந்தாள். முறம் கவிழ்ந்து அரிசி முற்றமெல்லாம் சிதறியது. "தேவலயாம்ல! ஒனக்குப் பிள்ளை வருதுடி!"

எதிர்வீட்டு மீனாட்சியைக் கூப்பிட்டு, மருத்துவச்சியை அழைத்துவர ஓடவிட்டாள். மருத்துவச்சி வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். வண்டி இல்லை, டவுனுக்குப் போவது நடக்காத காரியம். என்னை உள்ளே கூட்டிப்போகப் பார்த்தாள். என்னால் உலக்கையை விட முடியவில்லை. விட்டால் மடிந்து விழுந்துவிடுவேன் போல இருந்தது. சரி, இங்கேயே இரு என்று எனக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு கையையும் முட்டியாக மடக்கி, என் நடு இடுப்பில் வைத்துத் தன் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். வலி உள்ளேயிருந்து வெளியே தள்ளியது, அவள் வெளியேயிருந்து உள்ளே தள்ளினாள். அந்த அழுத்தத்தில்தான் நான் நின்றேன். கொஞ்சம் தளர்த்தினாலும், "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அவள் மூச்சிரைப்பது என் கழுத்தில் பட்டது. நடுவில் ஒருமுறை வலி விட்ட நேரத்தில், நான் கேட்காமலே சொன்னாள்.

"எனக்கும் ரெண்டாவதுக்கு இப்படித்தான் இருந்துச்சு."

"நீங்க சொல்லவே இல்லயேக்கா."

"யாருட்டச் சொல்ல?"

அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. பிற்பாடு எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

மருத்துவச்சி வரும்போது வெயில் ஏறிவிட்டது. வந்ததும் பார்த்துவிட்டு இனி நகர்த்த வேண்டாம் என்று முற்றத்திலேயே புடவையை மறைப்பாகக் கட்டச் சொன்னாள். நான் மண்டி போட்டபடிதான் இருந்தேன். கை உலக்கையில்தான் இருந்தது. நீ திரும்பவில்லை. டாக்டர் சொன்னபடியே, முகம் முன்பக்கம் பார்த்தபடியேதான் வந்தாய். தலை வந்து நின்றுவிட்டது. மருத்துவச்சி பேச்சை நிறுத்தினாள். பெரியாத்தாவும் பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பிறகு எப்படியோ நீ வெளியே வந்தாய், நீலம் பாரித்து, சத்தமில்லாமல். மருத்துவச்சி உன் வாயில் விரலை விட்டு வழித்து, காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். பெரியாத்தா உன்னைப் பிடுங்குகிற மாதிரி வாங்கித் தன் மடியில் போட்டு முந்தானையால் அரக்கித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "அழுடா, அழுதுரு, அழுதுருய்யா" என்றாள். அவள் யாரிடமும் அந்தக் குரலில் கெஞ்சி நான் கேட்டதில்லை. நீ அழுதாய். முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி.

உன் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? முற்றத்தில் உரல், உரலில் பாதி குத்திய நெல், சிதறிய அரிசி, என் கையில் உலக்கை. மீனாட்சிதான் முதலில் சொன்னாள், "ஆத்தாடி, நெல்லு குத்திக்கிட்டே பெத்துப்புட்டாளே!" என்று. சாயங்காலத்துக்குள் அது தெரு முழுக்கப் போனது. கோயிலுக்கு வந்தவர்கள் வழியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியாத்தாவிடம் யாரோ, "ஒங்க கொழுந்தன் பொண்டாட்டி கெட்டிக்காரிதான்" என்றபோது, அவள் சிதறிய அரிசியைப் பொறுக்கிக்கொண்டே, "குத்துனது நானு" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர்களுக்கு இந்தக் கதை பிடித்துப்போய்விட்டது.

உங்கப்பா லீவில் வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே அவருக்கு யாரோ இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். பட்டாளத்துக்குத் திரும்பிப் போய் அங்கேயும் சொன்னார். பிறகு உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். அவர் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். பெண்டாட்டி ஒற்றை ஆளாக வலியில் கிடந்தாள், பிள்ளை நீலமாக வந்தது, தான் எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டு இருப்பதைவிட, அவள் நெல்லைக் குத்திக்கொண்டே பெற்றுவிட்டாள் என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. தான் இல்லாததால் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று அந்தக் கதை அவருக்குச் சொன்னது. அவர் அப்போது வர முடியாத இடத்தில் இருந்தார், அதனால் நான் அதை அவரிடமிருந்து பிடுங்கவில்லை. நீ அப்படி இல்லை. ஒரே வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறாய். அந்தக் கதை உனக்கு எதற்கு?

உனக்குத் தெரிய வேண்டிய காரியங்களை மேலேயே எழுதிவிட்டேன். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளை நீ வசந்தாவிடம் கேள், பிறகு உங்கள் ஊர் டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போ. இப்போது எவ்வளவோ வசதி வந்துவிட்டது, அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். தண்ணீரை நீ ஆபீஸ் போகுமுன் ஏற்றி வை. மாடிக் குடித்தனக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும். இடுப்பை அழுத்தச் சொன்னால், தடவாதே, கையை முட்டியாக மடக்கி வைத்து நன்றாக அழுத்து. எங்கே, எவ்வளவு என்று அவள்தான் சொல்வாள். என்னைப் பற்றிச் சொன்னது சரியில்லை என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதே. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான் வருகிறேன். பேறுகாலம் முடிந்து அவள் எழுந்து நடமாடும் வரை இருப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம், அந்த நேரத்துக்கு வீட்டில் இரு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை என்பதால். நீ பிறந்து சில நாள் கழித்து, ஒரு காலையில், உள்ளறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நீ பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கம் மரத்துப்போனதும் பழக்கத்தில் முளைக்குச்சிக்குக் கையை நீட்டினேன். கை எட்டுவதற்குள் நான் திரும்பியிருந்தேன். எதையும் பிடிக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை, வயிற்றைத் தூக்கி நகர்த்தவில்லை. உடம்பு தானாகத் திரும்பிப் படுத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ பிறந்தபோதுகூட நான் அழவில்லை. சத்தம் கேட்டுப் பெரியாத்தா அடுப்படியிலிருந்து கை ஈரத்தோடு ஓடி வந்தாள்.

"என்னடி, பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா. திரும்பிப் படுத்தேன்."

அவள் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொருக்காத் திரும்பு, பாப்பம்" என்றாள்.

நான் திரும்பிக் காட்டினேன்.

உன் அம்மா